பனியனுக்குப் பட்டன் தைத்த வீடு

எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று வந்ததே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பிறகு சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, அந்த வீடே அப்படித்தான் போலிருக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். என் மனைவி, அவளுடைய அம்மா, அவளுடைய தம்பி, நான். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. அப்படியிருந்தும் காலை வேளையில் யாரும் குரல் உயர்த்தியதில்லை. எதிர் வீட்டுத் தம்பதி சண்டை போடும்போது, "அவங்களைப் பாத்தாவது கத்துக்கோ" என்று சொல்வது எங்கள் வரவேற்பறை வரை கேட்கும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். இருட்டறையில் ஒருவரை உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப எப்படி இருக்கு? முன்னைவிடப் பரவாயில்லையா?" என்று கேட்பது என் வேலை. வருகிறவர் போகிறவரையெல்லாம் இப்படிக் கேட்டே என் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் முதலாளி ஊழியர்களுக்கு ஆன்லைன் கவுன்சலிங் வசதி செய்து கொடுத்தார். வாரம் ஒரு முறை, அவரவர் வீட்டிலிருந்தே, திரையில் ஒரு ஆலோசகரோடு பேசலாம். கடையில் யாரும் அதைச் சீண்டவில்லை. எனக்கும் எண்ணமில்லை. என் மனைவிதான், "சும்மாதானே தராங்க, விடுவானேன்? போய்ப் பேசிட்டு வாங்க" என்றாள். அனுப்பி வைத்தது அவள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சேரும்போது ஒரு கேள்வி வந்தது. உங்கள் பிரச்சினை எது? தூக்கமின்மை, பதற்றம், வேலை அழுத்தம், உறவுகள். 'ஒன்றுமில்லை' என்பதற்கு இடமே விடவில்லை. படுத்தால் கட்டை மாதிரி தூங்குகிறவன் நான், ஆகவே தூக்கமின்மை என்று போட்டால் பொய்யாகிவிடும். எனக்கு உறவுகள் இருக்கிறார்கள். அது உண்மை. அதைத் தொட்டேன். பெயர் தேவையில்லை, புனைபெயர் போதும் என்றார்கள். 'தூரப்பார்வை' என்று வைத்துக்கொண்டேன்.

திரையில் மேடம் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். சட்டம் இடது பக்கம் லேசாக இறங்கியிருந்தது. ஒரு நிமிட வேலை, ஆனால் திரைக்குள் கை நுழையாதே. "சொல்லுங்க, இந்த வாரம் எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார்.

நன்றாக இருந்தேன் என்றேன். மேடம் அடுத்த கேள்விக்குத் தாவவில்லை. அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எனக்காக அதுவரை பேருந்துகூடக் காத்திருந்ததில்லை. அந்த மௌனம் வீணாகிவிடக் கூடாதே என்று, என் மனைவி ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவாள் என்று சொன்னேன்.

"உம்" என்றார் மேடம்.

அந்த 'உம்'மை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் உம் கொட்டுவார்கள். அது 'சீக்கிரம் முடி' என்கிற உம். மேடத்தினுடையது, 'இன்னும் இருக்கிறது, எனக்குத் தெரியும்' என்கிற உம். "அந்தத் துண்டைப் பாக்கும்போது உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன ஆகுது?" என்று அடுத்துக் கேட்டார். துண்டைப் பார்த்தால் எடுத்துக் கொடியில் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் மேடம் கேட்ட பிறகு, உள்ளே ஏதோ ஆவதுபோல்தான் இருந்தது. அன்றைய நேரம் முழுவதும் துண்டிலேயே போயிற்று. பேசி முடித்து எழுந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது.

அதற்கடுத்த வாரங்களில் மைத்துனன் பற்பசையை நடுவில் அழுத்துவது, அத்தை தொலைக்காட்சியைத் தானும் பார்க்காமல் அணைக்கவும் விடாமல் இருப்பது என்று கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தேன். பிறகு சரக்கு தீர்ந்துவிட்டது. மேடம் சிரித்த முகத்தோடு, "நீங்க ரொம்ப நல்லா இருக்கீங்க. அடுத்த வாரமும் சொல்றதுக்குப் பெரிசா ஒண்ணும் இல்லைன்னா, நாம முடிச்சுக்கலாம்" என்றார். அதுதான் அவர்கள் வழக்கமாம். ஆள் தேறிவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

அன்று நான் தூங்கவில்லை. அப்போது யாராவது கேட்டிருந்தால் தூக்கமின்மை என்றே உண்மையாகச் சொல்லியிருக்கலாம்.

வேறொருவனாக இருந்தால் மேடத்திடம் கதை கட்டியிருப்பான். எனக்குப் பொய் வராது. என் தொழில் அப்படி. நான் ஒரு பொய் எழுதினால் ஒரு மனிதர் படியை எங்கேயோ நினைத்துக் காலை எங்கேயோ வைப்பார். அதனால் நேர்மையான வழி ஒன்றுதான் மிஞ்சியது. பிரச்சினையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அது வீட்டில் இருக்க வேண்டும்.

என் மனைவி வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். ஒருநாள் அவள் போகிற போக்கில், "அம்மாவுக்குக் காது மந்தமெல்லாம் இல்லீங்க. வேணும்கறது மட்டும்தான் கேக்குது" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். அதை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் கொடுத்தேன். ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாசம் மட்டும் வழியில் எங்கேயோ சிந்திவிட்டது.

அத்தை பதிலுக்கு என்னிடம், "இவ மட்டும் என்னவாம், மாப்பிள்ளை? பேங்க்ல ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போடறா, வீட்டுல ஒரு பட்டன் தைக்கத் தெரியாது" என்றார். அதை மனைவியிடம் சேர்த்தேன். கடிதத்தில் கெட்ட செய்தி இருந்தால் தபால்காரரை யாராவது பிடித்து உள்ளே போடுவார்களா? எனக்கும் தபால்காரருக்கும் உள்ள வித்தியாசம், அவர் உறையைப் பிரிப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் மனைவி பட்டன் தைத்தாள். சட்டைகளுக்குத் தைத்தாள். ஏற்கெனவே பட்டன் இருந்த இடங்களில் பக்கத்திலேயே இன்னொன்று தைத்தாள். தலையணை உறைக்குத் தைத்தாள். கடைசியில் என் பனியனுக்கும் நட்டநடுவே ஒரு பெரிய நீலப் பட்டனைத் தைத்து, அம்மாவின் கண்ணெதிரே கொடியில் காயப்போட்டாள். அத்தையோ தன் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க, அடுத்த வீட்டுத் தொலைபேசி மணிக்கெல்லாம் "யாரு?" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் மேடம் திரையை நோக்கிக் குனிந்து உட்கார்ந்தார். நேரம் முடிந்த பிறகும் சற்று நேரம் கேட்டார். அவர் அதுவரை கொட்டிய 'உம்'களிலேயே நீளமானது அன்றுதான் கிடைத்தது.

ஆனால் மேடம் தம் வேலையில் கெட்டிக்காரர். ஒரு பயிற்சி கொடுத்துவிட்டார். மாலையில் எல்லோரும் கைபேசியை வைத்துவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். செய்யாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வராதே. உட்கார வைத்தேன். பயிற்சி வேலை செய்தது. அத்தை மகளின் கையைப் பிடித்து, "அந்தப் பனியன்ல பட்டன் என்னமா உறுதியா நிக்குது தெரியுமா" என்றார். அவ்வளவுதான், அணை உடைந்தது. அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். மைத்துனனும் அழுதான். நானும் அழுதேன். என் காரணம் வேறு.

மறுபடியும் முடித்துக்கொள்ளலாமா என்ற பேச்சு வந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் மேடம் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மைத்துனனுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் எங்கள் கடையின் வாடிக்கையாளர். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் போடுவாள், பவர் கொஞ்சம் அதிகம். நல்ல கலகலப்பான பெண். ஒருமுறை சோதனைக்காக லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, "அண்ணா, லென்ஸ் இல்லாம பாத்தா உங்க மைத்துனர் சினிமா ஹீரோ மாதிரியே இருக்கார்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சோதனையறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. அது பவருக்குத்தான், சிரிப்புக்கு இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மைத்துனனிடம் அதை அப்படியே சொன்னேன். கண்ணாடி முன்னால் போய் நின்றான். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டான். மறுநாள் அவளை ஓட்டலில் சந்தித்தபோது, உட்கார்வதற்கு முன்பே, "இப்ப லென்ஸ் போட்டிருக்கியா?" என்று கேட்டிருக்கிறான். போட்டிருக்கிறேன் என்றிருக்கிறாள். திரும்பி வந்துவிட்டான். கல்யாணம் நின்றது. என் மனைவி தம்பியைக் கடிந்துகொண்டாள். அத்தை பிள்ளை பக்கம் பேசினார். அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து மற்ற இருவரைப் பற்றிச் சொன்னார்கள். நான் தனித்தனியாக எடுத்துப் போய்க் கொடுத்தேன். சீக்கிரமே அந்த வீட்டில் யாரும் யாரோடும் நேராகப் பேசாத நிலை வந்துவிட்டது. "குளியலறை காலியா?" என்பதைக்கூட என் வழியாகத்தான் கேட்டார்கள்.

அந்த வாரம் மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவுக்கு நடுவுல நீங்க ஒருத்தர்தான் நிதானமா இருக்கீங்க" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அது.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். மற்றவையெல்லாம் தப்பு என்று நீங்கள் சொல்லலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மனதாரத் தப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். மூன்று பேரும் முகம் வாடிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், நீங்களும் யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்களேன் என்று சொல்லிவிட்டேன். மனைவியின் வங்கியிலும் இதே வசதி, குடும்பத்தாருக்கும் சேர்த்து. அவள் 'மழை' என்ற பெயரில் சேர்ந்தாள். மைத்துனன் 'சிங்கம்' என்று வைத்துக்கொண்டான். அத்தை 'இளமை'. எங்கள் மொழி பேசுகிற ஆலோசகர்கள் அங்கே குறைவாம். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டுபோய் அதே மேடத்திடம் விட்டார்கள்.

அப்புறம் எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். மனைவி படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசுவாள். மைத்துனன் இடமில்லாமல் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து பேசுவான். அத்தை பால்கனியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி தம் அந்தரங்கத்தைச் சொல்வார். ஒருநாள் பேசிவிட்டு உள்ளே வந்து, "அந்தப் பொண்ணு எவ்வளவு பொறுமையா கேக்குது, மாப்பிள்ளை. நான் சொல்றதை அழகா உம் கொட்டிக் கேட்டுச்சு" என்றார். அந்த உம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதே வாரம் மேடத்துக்கு நேரம் இல்லை என்று என் முறையைத் தள்ளிப்போட்டார்கள். அந்த நேரம் யாருக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியும். வாளிச் சத்தம் கேட்டது.

நாங்கள் ஒரே வீடு என்று மேடம் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நீங்கள் விசாரிக்கிற புகாரில் சந்தேகம் எழுப்பியிருக்கிறது. அதில் மர்மம் ஒன்றும் இல்லை. பனியன்தான். மகள் ஆத்திரத்தில் பனியனுக்குப் பட்டன் தைத்தாள் என்று இளமை சொன்னார். நான் அன்றைக்குப் பனியனுக்குப் போய்ப் பட்டன் தைத்தேனே என்று மழை அழுதாள். அக்கா பனியனுக்கு நீலப் பட்டன் தைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள் என்று சிங்கம் கவலைப்பட்டான். நானோ அதை எப்போதோ சொல்லியிருந்தேன். இந்த உலகத்தில் பனியனுக்குப் பட்டன் தைத்த வீடு ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. அதோடு, மூன்று பேரும் தவறாமல் சொன்ன வாக்கியம் ஒன்று இருந்ததாம். 'மத்தவங்க என்னைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு அவர் ஒருத்தர்தான் என்கிட்ட வந்து சொல்றார்.'

ஒருவர் சொன்னதை மேடம் இன்னொருவரிடம் சொல்லவே இல்லை. அது நான் செய்த வேலை, அவர் மேல் போடாதீர்கள். தெரிந்த உடனே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டு, நாலு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தார்.

சாப்பாட்டு மேசையில் மனைவியின் மடிக்கணினியை வைத்தோம். கேமராவுக்குள் மூன்று பேர்தான் அடங்கினார்கள். நாலாவதாக உட்கார்ந்தவன் நான். திரையில் என் இடது தோள் மட்டும் தெரிந்தது. மேடம் அவர்களைப் பார்த்து, நேருக்கு நேராகப் பேசச் சொன்னார். பேசினார்கள். நீ அப்படிச் சொன்னாயா, ஆமாம், ஆனால் சிரித்துக்கொண்டுதானே சொன்னேன், நீயும் இப்படிச் சொன்னாயாமே, ஐயோ அது எப்போதோ. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. அத்தை சிரித்தார். மைத்துனன் அந்தப் பெண்ணுக்கு மேசைக்கு அடியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். மேடம் அவர்களுக்கு உம் கொட்டினார். என் தோளுக்கு அல்ல.

அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம் போனால் அவர்களாகவே கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் எனக்குக் காத்திருக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து சாய்ந்து, தலையைக் கேமராவுக்குள் நீட்டி, "இதையெல்லாம் கொண்டுபோய்க் கொண்டுவந்து சொன்னது நான்தான், மேடம். வேணும்னுதான் செஞ்சேன். வாரா வாரம் உங்ககிட்ட சொல்றதுக்கு ஏதாவது வேணுமே" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மேடம் என்னைப் பார்த்தார். முழுசாக, கண் கொட்டாமல். அன்றைக்கு அந்த ஒரு பார்வை போதும் என்று இருந்தது. உம் மட்டும் வரவில்லை.

மைத்துனன், "உங்களுக்குப் பேச ஆள் வேணும்னா என்கிட்ட பேசியிருக்கலாமே, மாமா" என்றான். நல்ல பையன். ஆனால் அவன் கேட்கும்போதே கைபேசியைப் பார்ப்பான்.

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "நான் அழுதப்பல்லாம் பக்கத்துல உக்காந்து தலையைத் தடவினீங்களே. அதுவும் இதுக்காகத்தானா?"

இல்லை என்று சொன்னேன். அது உண்மை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சோதனைச் சட்டம் மூக்கை அழுத்தும்போது வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அப்போதும் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். அதற்காகச் சட்டத்தைக் கழற்றிவிட முடியுமா? இதையும் அவளிடம் விளக்கினேன். அவள் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

மூன்று பேரும் இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இருக்கிறார்கள். நிறையச் சிரிப்புச் சத்தம் கேட்பதாகப் பால் போடுகிறவர் சொன்னார். நின்ற கல்யாணம் மறுபடியும் முடிவாகிவிட்டது. பெண் வேறு கடையில் லென்ஸ் வாங்குகிறாள். மேடம் இனி என்னைப் பார்க்கக் கூடாதென்று வேறொரு ஆலோசகரிடம் மாற்றிவிட்டார்கள். அவர் என் வாக்கியங்களைத் தாமே முடித்துவைக்கிறார். பாதிக்கு மேல் தம்முடைய கால்வலியைப் பற்றிச் சொல்கிறார்.

நான் குடும்பத்தையே கெடுத்துவிட்டதாக மைத்துனன் உங்களுக்கு எழுதியிருக்கிறான். ஒரே வீட்டு ஆட்கள் என்று தெரிந்தும் மேடம் பார்த்தார் என்று அவர் மீதும் குற்றம் சேர்த்து எழுதியிருக்கிறான். அவர் வேலை போய்விடக் கூடாது. அதற்காகத்தான் நேரில் வந்தேன். கல்யாணத்தை நிறுத்தியது நான், அம்மாவையும் மகளையும் பிரித்தது நான், அத்தனையும் தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான் என்பது எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் ஒரே வீடு என்பது மேடத்துக்கு முதலிலிருந்தே தெரியுமா? தெரியாது. இதை உட்கார்ந்தவுடனேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் அப்போதே பேனாவை மூடியிருப்பீர்கள்.

இப்போது மூடுகிறீர்கள். விசாரணை முடிந்தது, இனி வர வேண்டியதில்லை என்கிறீர்கள். சரி ஐயா. நீங்கள் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை, அதற்கு நன்றி. உங்களைப் போல் கேட்கிறவர் கிடைப்பது அபூர்வம்.

போவதற்கு முன் ஒன்று. வெளியே காத்திருந்தபோது உங்கள் உதவியாளர் அம்மா உங்களைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் எதையும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், உட்காருங்கள்.